அத்திமரத்து விடுதி

“ஆபிரிக்காவிலே சபாரி விடுதி, சபாரி விடுதி என்கிறார்களே, காட்டின் நடுவே படுத்துறங்குவதற்காகவா இத்தனை பணம் செலவு செய்து கடல் கடந்து போகிறார்கள்?” என்று மாணவர் சிலர் வினவினர். நல்ல வினாவே. சிங்கத்தையும் ஒட்டகச்சிவிங்கியையும் அவர்கள் படங்களிலே பலகாலும் கண்டிருக்கின்றனர். ஆனால், அவற்றைக் காணச் செல்வோர் எங்கே தங்குகின்றனர், அந்நிலம் யாருடையது, அங்கே ஏவல் செய்வோர் யாவர் என்பனவற்றைப் படங்கள் காட்டுவதில்லை. ஆகவே இவ்வாரம், கென்யா நாட்டிலே ஒரு மரத்தின்மீது எழுந்த விடுதி ஒன்றின் கதையை எடுத்துக்கொள்வோம். விடுதி சிறியதுதான், எனினும் அதன் கதையிலே ஒரு நாட்டின் வரலாறு அடங்கிக் கிடக்கின்றது.

சொல்லின் வரலாறு

‘சபாரி’ என்பது கிழக்காபிரிக்காவில் வழங்கும் சுவாகிலி மொழிச் சொல். ‘சபர்’ என்னும் அரபுச் சொல்லினின்றும் பிறந்தது. அதன் பொருள் பிரயாணம் என்பதே. கென்யாவில் ஒருவர் தம் தாயாரைப் பார்ப்பதற்குப் பஸ் ஏறி ஊருக்குச் சென்றாலும் அதுவும் சபாரிதான். விலங்கு வேட்டை என்னும் பொருளை இச்சொல்லுக்கு ஏற்றியவர் ஐரோப்பியரும் அமெரிக்கரும் ஆவர்.

அக்காலச் சபாரி எத்தகையது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். அமெரிக்க ஜனாதிபதியாயிருந்து ஓய்வு பெற்ற தியடோர் ரூஸ்வெல்ட், 1909ஆம் ஆண்டிலே தம் மகனுடன் கிழக்காபிரிக்காவுக்குச் சென்றார். நூதனசாலைக்கு மாதிரிகள் சேர்ப்பதே நோக்கம் எனப்பட்டது. கூடாரமும் உணவும் உப்பும் புத்தகப் பெட்டியும் சுமந்து நூற்றுக்கணக்கான ஆபிரிக்கக் கூலியாட்கள் பின்னே நடந்தனர். தந்தையும் மகனுமாகச் சுட்டு வீழ்த்திய விலங்குகள் 512. அவற்றுள் சிங்கமும் யானையும் காண்டாமிருகமும் அடங்கும்.

பின்னர்ச் சிறிது சிறிதாகக் காலம் மாறிற்று. துப்பாக்கி பிடித்த கை புகைப்படக் கருவியைப் பிடிக்கலாயிற்று. 1946இல் நைரோபி நகரின் அருகே கென்யாவின் முதலாவது தேசிய பூங்கா அமைந்தது. 1977இல் கென்யா அரசு விளையாட்டு வேட்டையை அடியோடு தடை செய்தது. கொல்வதற்குச் சென்றவன் காண்பதற்குச் செல்பவனாக மாறிய இந்த மாற்றத்தின் பிள்ளையே சபாரி விடுதி. அதன் மூத்த பிள்ளைகளுள் ஒன்றே நாம் கூறப்புகுந்த ‘ட்ரீடொப்ஸ்’ என்னும் மரவிடுதி.

மரத்தின்மேல் ஒரு வீடு

நைரோபியிலிருந்து வடக்கு நோக்கிச் சென்றால் நியேரி என்னும் மலைநாட்டு நகரை அடையலாம். அதன் ஒரு புறத்தே 5199 மீற்றர் உயரமுள்ள கென்யா மலை பனிமுடி தரித்து நிற்கின்றது. மறு புறத்தே உள்ளது அபெர்டெயர் மலைத்தொடர். 1884இல் அவ்வழி சென்ற ஜோசெப் தொம்சன் என்னும் பிரயாணி, இலண்டன் புவியியற் கழகத்தின் தலைவரான பிரபு ஒருவரின் பெயரை அம்மலைக்குச் சூட்டினார். அங்கே வழிவழியாக வாழும் கிக்கூயு மக்களோ அதனை நியாந்தாருவா என்றே அழைத்து வந்தனர்.

நியேரியில் ‘அவுட்ஸ்பன்’ என்னும் விடுதியை நடத்தி வந்தவர் எரிக் ஷெர்புரூக் வாக்கர் என்னும் ஆங்கிலேயர். சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த பேடன் பவல் பிரபுவிடம் ஒருகாலத்திற் செயலாளராயிருந்தவர் இவர். அத்தொடர்பினாலேயே பேடன் பவல் தம் இறுதிக் காலத்தை நியேரியிற் கழித்து, 1941இல் அங்கேயே காலமாகி, அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். நம் சாரண மாணவர் இதனை நினைவிற் கொள்ளலாம்.

வாக்கர் 1932ஆம் ஆண்டில், அபெர்டெயர்க் காட்டில் நீர்நிலை ஒன்றன் கரையில் நின்ற பெரிய காட்டத்தி மரத்தின் கிளைகளிலே இரண்டு அறைகள் கொண்ட ஒரு வீட்டைக் கட்டினார். நம் நாட்டிலே புனங்காப்போர் யானைக்கும் பன்றிக்கும் அஞ்சி அமைக்கும் காவற்பரணை அறிந்தோர்க்கு இவ்வீட்டின் தோற்றத்தை விளக்க வேண்டியதில்லை. பரணில் இருப்போன் விலங்கை விரட்ட விழித்திருப்பான். இவ்வீட்டில் இருப்போர் விலங்கை வரவேற்க விழித்திருந்தனர். வேறுபாடு அவ்வளவே.

விருந்தினர் காட்டுவழியே கால்நடையாக வரவேண்டும். துப்பாக்கி ஏந்திய வேட்டைக்காரர் ஒருவர் முன்னே செல்வார். யானையோ காண்டாமிருகமோ எதிர்ப்பட்டால் ஏறித் தப்புவதற்கென வழியோர மரங்களிலே ஏணிகள் பொருத்தப்பட்டிருந்தன.

ஓர் இரவு

இத்தகைய விடுதியில் ஓர் இரவு எவ்வாறு கழியும் என்பதைச் சிறிது காண்போம். மாலை நான்கு மணி அளவில் தேநீர். அபெர்டெயர்க் காடு கடல் மட்டத்துக்கு 6000 அடிக்கு மேலே உள்ளதாதலின், பூமத்திய ரேகைக்கு அண்மையிலிருந்தும் இரவில் நுவரெலியாக் குளிரே வீசும். கம்பளியைப் போர்த்துக்கொண்டு விருந்தினர் விறாந்தையில் அமர்வர். உரத்துப் பேசலாகாது, காலணி ஓசைப்படலாகாது. மனிதவாடை காற்றிலே மேலாகச் சென்றுவிடுவதால், கீழே வரும் விலங்குகள் தம் தலைக்குமேலே மனிதர் இருப்பதைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை.

முதலில் வருவன காட்டெருமையும் நீர்மானும். இருள் பரவியபின் யானைகள் வரும். அத்தனை பெரிய உடம்புகள் அத்தனை மெதுவாக நடந்துவருதலைக் காண்பதே ஓர் அதிசயம். மரங்களுக்கிடையே இருள் சற்றுத் தடித்தது போலத் தோன்றும்; அடுத்த கணம் அது யானையாகி நிற்கும். கன்றுகளை நடுவிலே விட்டுத் தாய்மார் சூழ்ந்து வருவர். நீர் மாத்திரம் அவற்றை அழைப்பதன்று. தாவர உணவிலே உப்புச்சத்துக் குறைவாகையால், யானை முதலியன உப்பு மண்ணைத் தேடி நெடுந்தூரம் நடக்கும். இதனை அறிந்தே விடுதிக்காரர் நீர்க்கரையிலே உப்பைத் தூவி வைப்பர்.

நள்ளிரவிலே திடீரென ஓர் அலறல் எழும். கழுத்தை நெரிக்கப்பட்ட மனிதனின் ஓலமோ என்று புதிதாக வந்தோர் எழுந்து உட்காருவர். அவ்வொலிக்குரியது மர ஹைரக்ஸ் என்னும் சிறு பிராணி. அளவிலே அது முயலை ஒக்கும். உடலமைப்பை ஆராய்ந்த விலங்கியலாரோ அதனை யானைக்கு நெருங்கிய உறவினது என்று கூறுகின்றனர்.

வெளிச் சமவெளிகளில் உள்ள கூடார விடுதிகளிலே முறை சிறிது வேறு. கிழக்கு வெளுக்குமுன் ஒருவர் தேநீருடன் வந்து எழுப்புவார். கதிரவன் எழும்போதே மோட்டார் வண்டியிற் புறப்பட வேண்டும். சிங்கமும் சிறுத்தையும் குளிர்ந்த வேளையிலேதான் நடமாடும். வெயில் ஏறியதும் அவை நிழலிலே படுத்துவிடும். விருந்தினரும் விடுதிக்குத் திரும்பி அவ்வாறே செய்வர். மாலையில் மறுபடி ஒரு சுற்று. இரவு உணவு முடிந்தபின் எவரும் தம் கூடாரத்துக்குத் தனியே செல்லலாகாது. ‘அஸ்காரி’ எனப்படும் காவலாளர் கைவிளக்குடன் கூடவே வந்து விட்டுச் செல்வார். ஆற்றிலே பகல் முழுதும் கிடந்த நீர்யானை இரவிற் கரையேறிக் கூடாரங்களுக்கிடையே புல் மேய்வது வழக்கம். அதற்கும் ஆற்றுக்கும் நடுவே மனிதன் அகப்பட்டால் உயிருக்கு ஆபத்து.

இந்த இன்பங்களையெல்லாம் நான் குறைத்துக் கூறேன். காட்டு விலங்கை அதன் வீட்டிலே அமைதியாக நோக்குதல் கல்விகளுள் ஒரு கல்வி.

இளவரசி ஏறிய ஏணி

1952 பெப்ரவரி 5ஆம் நாள் அம்மரவிடுதிக்கு இரு விருந்தினர் வந்தனர். ஒருவர் 25 வயதினரான எலிசபெத்து இளவரசி. மற்றவர் அவர் கணவர் பிலிப்பு. அவர்கள் வருகைக்காக வீடு விரிவாக்கப்பட்டிருந்தது. குமாவோன் மலைகளில் ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிப் புகழ்பெற்ற ஜிம் கோர்பெட், 1947இல் இந்தியாவை விட்டு நியேரியிற் குடியேறியிருந்தார். எழுபத்தைந்து வயதைக் கடந்த அம்முதியவரும் அன்று அவர்களுடன் இருந்தார். இளவரசி வந்தடைந்த வேளையிலேயே யானைகள் நீர்க்கரையில் நின்றன. அவர் அஞ்சாது நடந்து வந்து ஏணியில் ஏறித் தம் கருவியினாலே சலனப்படம் பிடிக்கலானார்.

அவ்விரவு முடிவதற்குள், இங்கிலாந்தில் ஆறாம் ஜோர்ஜ் மன்னர் உறக்கத்திலேயே உயிர் நீத்தார். மறுநாள் சகானா என்னுமிடத்திலுள்ள மாளிகைக்குத் திரும்பிய பின்னரே மகளுக்குச் செய்தி எட்டிற்று. இளவரசியாக மரத்தில் ஏறியவர் அரசியாக இறங்கினார் என்று உலகம் பேசிக்கொண்டது. விடுதியின் புகழும் உலகெங்கும் பரவிற்று.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. பிரயாணத் திட்டத்தின்படி அவர்கள் கென்யாவிலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வரவேண்டியவர்கள். அப்பிரயாணம் அன்று தடைப்பட்டது. 1948இல் விடுதலை பெற்றதாயினும் 1972 வரை இலங்கை பிரித்தானிய முடியைத் தன் முடியாகக் கொண்டிருந்தது. ஆகவே, அந்த ஆபிரிக்க அத்திமரத்தின்மீது இருந்தபோதே அவர் இலங்கைக்கும் அரசியாகிவிட்டார். பின்னர் 1954 ஏப்பிரலிலேயே அவர் இந்நாட்டுக்கு வருகை தந்தார்.

அதற்கு அடுத்த மாதம், மே 27ஆம் நாள், அவர் தங்கிய அந்த மரவிடுதி தீக்கிரையாயிற்று.

மேலிருந்து கண்டதும் காணாததும்

அதனை எரித்தவர் யார்? ஏன் எரித்தனர்? இவ்வினாவைக் கேளாது விடுதியின் கதையைச் சொல்லி முடித்தல் நேர்மையாகாது.

நியேரியைச் சூழ்ந்த வளமான மலைநிலங்களிலே பெரும்பகுதி வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. முன்னோர் பயிரிட்ட மண்ணிலேயே கிக்கூயு மக்கள் பலர் கூலிகளாயினர். 1920ஆம் ஆண்டளவிலிருந்து ஆபிரிக்க ஆடவர் ‘கிப்பாண்டே’ என்னும் அடையாளப் பத்திரத்தைத் தகரச் சிமிழில் இட்டுக் கழுத்திலே தொங்கவிட்டுச் செல்ல வேண்டும் என விதிக்கப்பட்டது. அனுமதிப்பத்திரம் பெற்ற வெள்ளையன் யானையைச் சுட்டால் அது வேட்டை. பசித்த ஆபிரிக்கன் ஒரு மானைக் கொன்றால் அது களவு. மரத்தின்மேல் இருந்த விருந்தினருக்குத் தேநீர் கொணர்ந்தவரும் பெட்டி சுமந்தவரும் இந்நிலையில் வாழ்ந்த மக்களே.

இளவரசி வந்து சென்ற எட்டு மாதங்களில், 1952 ஒக்டோபரில், கென்யாவில் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. ‘மௌ மௌ’ எனப் பெயர் பெற்ற போராளிகள் நிலமும் விடுதலையும் வேண்டி அபெர்டெயர்க் காட்டினுள்ளே புகுந்தனர். அவர்தம் தலைவருள் ஒருவரான டெடான் கிமாதி நியேரிப் பகுதியிற் பிறந்தவரே. அரசாங்கப் படை காட்டைத் தடைசெய்யப்பட்ட பிரதேசமாக்கி, விமானத்திலிருந்து குண்டு பொழிந்தது. யானையைக் காணக் கட்டிய மரவீடு படையினர் மனிதரை வேவுபார்க்கும் பரணாயிற்று. அந்நிலையிலேதான் போராளிகள் அதற்குத் தீ வைத்தனர்.

அப்போரில் இருதிறத்தாரும் கொடுமை புரிந்தனர். ஆயினும் தட்டுகள் சமமானவை அல்ல. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆபிரிக்கர் தூக்கிலிடப்பட்டனர். பல்லாயிரவர் தடுப்பு முகாம்களில் அடைக்கப்பட்டு வதைக்கப்பட்டனர். கிமாதி 1956இற் பிடிபட்டு, 1957 பெப்ரவரியில் தூக்கிலிடப்பட்டார். அதே 1957இலேயே, அதே நீர்நிலையின் அருகே, முன்னையினும் பெரிதாக விடுதி மறுபடியும் எழுந்தது. 1963 டிசெம்பரிற் கென்யா விடுதலை பெற்றது. அக்காலக் கொடுமைகளுக்காகப் பிரித்தானிய அரசு வருத்தம் தெரிவித்து, உயிரோடிருந்த முதியோர் 5228 பேருக்கு ஏறத்தாழ 2 கோடி பவுண் வழங்க இணங்கியது 2013ஆம் ஆண்டிலேயாகும். அதற்குள் அறுபது ஆண்டுகள் கழிந்துவிட்டன.

மரத்தின்மேல் இருந்தோர் கண்ணுடையோரே. யானையின் காது அசைவதைக் கண்டனர். கன்று தாயின் காலிடையே ஒளிவதைக் கண்டனர். ஏணியின் அடியிலே நின்ற மனிதனின் கழுத்திலே தொங்கிய தகரச் சிமிழ் அவர்கள் கண்ணிற் பட்டிருக்கும், கருத்திற் பட்டதில்லை.

அத்திமரம் யாருடையது?

இனி அம்மரத்தைப்பற்றியும் ஒரு சொல். காட்டத்தியைக் கிக்கூயு மக்கள் ‘முகுமோ’ என்பர். அது அவர்களுக்குத் தெய்வமரம். மழை பொய்த்தால் முதியோர் முகுமோவின் அடியிற் கூடி, ஆட்டுக்குட்டியைப் பலியிட்டு, கடவுள் உறையும் இடமாகிய கென்யா மலையை நோக்கி வேண்டுவர். அத்தி, ஆல், அரசு ஆகிய மூன்றையும் ஒரே இனமாகத் தாவரவியலார் வகுப்பர். ஆலின்கீழ்த் தென்முகக் கடவுளை வைத்து வணங்கும் நமக்கு, கிக்கூயு முதியவர் முகுமோவின் அடியிலே கைகூப்பியதன் கருத்து எளிதில் விளங்கும்.

நியேரிப் பகுதியிலேயே 1940இற் பிறந்த வங்காரி மாதாய் என்னும் பெண்மணி, தம் வரலாற்று நூலிலே ஓர் அத்திமரத்தை நினைவுகூர்ந்துள்ளார். வீட்டிற்கு விறகு பொறுக்கச் செல்லும் சிறுமியாகிய அவரிடம், அம்மரத்திலிருந்து ஒரு சுள்ளியும் எடுக்கலாகாது, அது கடவுளின் மரம் என்று தாயார் சொல்லி வைத்தாராம். மரத்தின் அருகே ஊற்றெடுத்த நீரோடையிலே அவர் விளையாடியதுண்டு. மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்று திரும்பிப் பார்த்தபோது, மரம் வெட்டப்பட்டுத் தேயிலை நடப்பட்டிருந்தது, ஓடையும் வற்றிப்போயிருந்தது. அத்தியின் ஆழ்ந்த வேர்கள் நிலத்தடி நீரை மேலே கொணர்ந்தன என்பதையும், முன்னோரின் பக்தி மண்ணையும் நீரையும் காத்தது என்பதையும் உயிரியல் பயின்ற அவ்வம்மையார் அப்போது உணர்ந்தார். 1977இல் அவர் தொடக்கிய பசுமைப்பட்டி இயக்கம், ஏழைப் பெண்களின் கைகளாலே கோடிக்கணக்கான மரங்களை நட்டது. 2004இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு அவரை அடைந்தது. அப்பரிசைப் பெற்ற முதலாவது ஆபிரிக்கப் பெண்மணி அவரே.

விடுதியின் அத்திமரம் தீயில் அழிந்தது. மாதாய் அம்மையாரின் அத்திமரம் கோடரியால் அழிந்தது. மூன்றாவது அழிவும் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் உப்பிட்டு யானைகளை ஓரிடத்திலேயே அழைத்ததன் விளைவாக, புதிய விடுதியைச் சூழ்ந்திருந்த காட்டை யானைகளே முறித்துத் தின்று வெளியாக்கின. காண்பதற்கென வருவித்த விருந்து காட்டையே உண்டுவிட்டது. பின்னர் அபெர்டெயர் மலையைச் சுற்றி ஏறக்குறைய 400 கிலோமீற்றர் நீளமான மின்வேலி அமைக்கப்பட்டு, 2009இல் நிறைவெய்தியது. காட்டை மனிதரிடமிருந்தும், உழவரின் பயிரை யானையிடமிருந்தும் காத்தல் அதன் நோக்கம்.

விருந்தினன் கடமை

அப்படியாயின் சபாரி விடுதியே வேண்டாம் என்பதா? அன்று. காட்டினால் மக்களுக்கு வருவாய் இல்லையெனின், காட்டை வெட்டிப் பயிரிடுவதே அவர்களுக்கு அறிவுடைமையாகத் தோன்றும். விருந்தினர் கொடுக்கும் பணம் காட்டுக்கு ஒரு காவல். அப்பணம் யார் கையைச் சேர்கின்றது என்பதே வினா.

இதற்கு நல்ல விடை கூறிய இடங்களும் உள. கென்யா மலைக்கு வடக்கே, லைக்கிப்பியாப் பகுதியிலே, இல் ங்வெசி என்னும் மசாய் மக்கள் தமக்குப் பொதுவான மேய்ச்சல் நிலத்தில் 1996இல் ஒரு விடுதியை எழுப்பினர். மரமும் கூரைப்புல்லும் அவ்விடத்தன. நடத்துவோரும் அவர்களே, உரிமையாளரும் அவர்களே. வருவாய் பாடசாலைக்கும் குடிநீருக்கும் மருந்துக்கும் செல்கின்றது. 2002இல் அம்முயற்சி ஐக்கிய நாடுகள் சார்பில் வழங்கப்பட்ட ஒரு பரிசையும் பெற்றது. மசாய் மாரா சமவெளியை அடுத்தும் நிலவுரிமையாளர் தம் நிலத்தை விலங்குகளுக்கு விட்டு, மாதந்தோறும் வாடகை பெறும் ஏற்பாடு நடைபெறுகின்றது. இவற்றிலும் குறைகள் இல்லாமலில்லை. மேய்ச்சல் நிலம் சுருங்கிற்று என வருந்துவோர் உளர். எனினும், ஏணியின் அடியில் நின்றவன் வீட்டுக்காரனாகி விருந்தினனை வரவேற்பது பெரிய மாற்றமே.

வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். விருந்தளிப்போன் கடமையை அதில் உணர்த்தினார். உல்லாசப் பிரயாணம் பெருகிவிட்ட இந்நாளிலே விருந்தினனின் கடமையையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மாணவர்களே, உங்களுட் சிலர் ஒருநாள் ஆபிரிக்கக் காட்டிலே தங்கும் வாய்ப்பைப் பெறலாம். செல்லுங்கள். ஓசையின்றி அமருங்கள்; விலங்குக்கு உணவு வீசாதீர்கள்; வண்டியை விட்டு இறங்காதீர்கள். இவற்றை விடுதியாரே சொல்லித் தருவர். அவர்கள் சொல்லாத ஒன்றையும் செய்யுங்கள். விளக்கேந்தி உங்களைக் கூடாரம்வரை கொண்டுவந்து விடும் அந்த அஸ்காரியிடம் அவர் ஊர் எது, இந்த மலைக்கு அவருடைய பாட்டனார் வழங்கிய பெயர் யாது, இந்த மரத்தை அவர்கள் எவ்வாறு அழைப்பர் என்று வினவுங்கள். அவர் மகிழ்ந்து சொல்வார். அதைக் கேட்டறிந்தவனுக்கே அந்தக் காடு முழுவதும் கண்ணுக்குப் புலனாகும்.